வேலூரில் இருந்தபடி பழைய ஃப்ளை கட்டும் சாமான் சேர்ப்பது எப்படி?

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில். சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறுதான் எப்போதாவது ஒரு நல்ல மழைக்கு முகம் காட்டிவிட்டுப் போகிறது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் என்ற மீனைப் பிடிப்பதற்காக உருவான கருவிகளைச் சேர்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, முடி, சரிகை எல்லாம் சுற்றி, பூச்சி போலவோ சின்ன மீன் போலவோ ஆக்கிய போலி இரை. அதைக் கட்ட, முள்ளை அசையாமல் பிடிக்கும் ஒரு சின்ன வைஸ், நூல் பிடிக்க ஒரு குழாய், இறகு பிடிக்க ஒரு இடுக்கி, முடிச்சுப் போட ஒரு வளைந்த கம்பி, நல்ல கத்தரிக்கோல் இவ்வளவுதான் வேண்டும். நூறு வருடமாக இந்தக் கருவிகளின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. அதனால் பழையதை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை, இன்றைக்கும் வேலை வாங்கலாம்.

வேலூர்க்காரருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஃப்ளை கட்டியவர்கள் ஒரு காலத்தில் ஏங்கி வாங்கிய பொருட்களில் பல இந்தியாவிலிருந்து போனவை: சேவல் கழுத்து, மயிலிறகு, காட்டுக்கோழியின் பொட்டு இறகு. இவற்றில் சில நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். சிலவற்றைத் தொட்டால் வனத்துறை வீட்டுக்கு வரும். எது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டு தொடங்குவதுதான் நல்லது.

பணம் செலவழிக்கும் முன் ஒரு ஃப்ளை கட்டுங்கள்

கருவியின் வேலை தெரியாமல் கருவி வாங்கினால் விற்பவர் சொன்னதுதான் விலை. முதலில் சாதாரணமான புது வைஸ் ஒன்றை வைத்து எளிதான ஃப்ளை ஒன்றைக் கட்டிப் பாருங்கள். வட இங்கிலாந்தின் பழைய மாதிரியான ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ தொடக்கத்துக்கு நல்லது. முள்ளின் மேல் ஆரஞ்சுப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி உடம்பு. கழுத்தில் புள்ளி போட்ட கௌதாரி இறகு ஒன்றை ஓரிரண்டு சுற்று. தலையில் முடிச்சு. அவ்வளவுதான் ஃப்ளை. நாம் கௌதாரி இறகைத் தொடக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது. புள்ளி போட்ட நாட்டுக்கோழிப் பெட்டையின் முதுகு இறகு அந்த வேலையைச் செய்யும்.

கட்டும்போதே முள்ளின் அளவும் பிடிபட்டுவிடும். எண் கூடக்கூட முள் சிறியது: 8-ஐ விட 12 சின்னது, 16 இன்னும் சின்னது. பெரிய முட்களுக்கு 1/0, 2/0 என்று எண் மேலே போகப்போக முள்ளும் பெரிதாகும். நம் பக்கத்து விராலுக்கும் பெரிய கெண்டைக்கும் கட்டுகிறவர்கள் பெரிய அளவுகளையே எடுப்பார்கள். பழைய அட்டைப் பெட்டிகளின் மேல் இருக்கும் எண்ணைப் படிக்க இது தெரிந்தால் போதும்.

எதைச் சேர்ப்பது என்று ஒரு கோடு போடுங்கள்

கருவி, முள், நூலும் சரிகையும், இறகு, கட்டி முடித்த பழைய ஃப்ளை என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. இந்தியாவில் இருக்கும் புதியவருக்கு நான் கருவியைத்தான் சொல்வேன். இரும்புக்கும் பித்தளைக்கும் பூச்சி வராது, சட்டச் சிக்கல் கிடையாது, பெரும்பாலான பழுதை ஊர் லேத் பட்டறையில் சரி செய்யலாம். அடுத்த இடம் முள் பெட்டிகளுக்கு. நார்வேயின் முஸ்டாட், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரிலிருந்து வந்த ஆல்காக், பார்ட்ரிட்ஜ் என்று பெயர்கள் குறைவு, அடையாளம் காண்பது எளிது. ரெட்டிட்ச் ஊசி செய்து பிழைத்த ஊர், ஊசியை வளைத்தால் முள். முஸ்டாட் 1832-இல் தொடங்கிய கம்பெனி, தூண்டில் முள்ளுக்கு வந்தது 1877-இல்.

கண், அதாவது தூண்டில் நூல் கோர்க்கும் துளை, இல்லாத பழைய முட்களும் கிடைக்கும். அவற்றில் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்துச் செய்த நரம்பைத்தான் வளையமாகக் கட்டியிருப்பார்கள். அந்த நரம்பு காய்ந்தால் ஒடியும். பார்க்கும்போது வளையத்தை வளைத்துப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சால்மன் மீனுக்காகக் கட்டி முடித்த பழைய ஃப்ளை, அதாவது சால்மன் ஃப்ளை, பார்க்க அழகுதான். ஆனால் அதில் எந்தப் பறவையின் இறகு இருக்கிறது என்று வல்லுநரே தடுமாறுவார். தொடக்கத்தில் வேண்டாம்.

இறகுக்கு முன் சட்டம்

சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியக் காடுகளின் பறவை. ஜவ்வாது மலையிலும் விடிகாலையில் அதன் கூவலைக் கேட்கலாம். சேவலின் கழுத்து இறகு நுனியில் மெழுகு வார்த்தது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டுக்காகவே சால்மன் ஃப்ளை கட்டுகிறவர்கள் அதைத் தேடினார்கள், இன்றும் தேடுகிறார்கள். வெளிநாட்டில் வளர்ப்புப் பறவையிலிருந்து எடுத்ததை அங்கே விற்கிறார்கள். அது அவர்கள் ஊர்ச் சட்டம். இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது மட்டுமல்ல, இறகை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் வம்பு. சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் புதிய பட்டியல்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய கட்டுரைகளில் ‘இந்தப் பறவை நான்காம் பட்டியல்தான், பெரிய பிரச்சினை இல்லை’ என்று படித்தால் அதை நம்பி இறங்காதீர்கள்.

கௌதாரி, காடை, மீன்கொத்தி, பனங்காடை, காட்டு வாத்து என்று பழைய ஃப்ளை செய்முறைகளில் வரும் இறகுகளுக்கு நம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருமே காட்டுப் பறவைகள். அணில் வால், முயல் முகத்து முடி, கீரி முடி இவையும் அப்படியே. மலைப்பாதை ஓரத்தில் யாராவது கோழிக்கழுத்து ஒன்றைக் காட்டி “சும்மா எடுத்துக்கோ சார்” என்றால், நின்று பேசாமல் வண்டியை எடுங்கள்.

“தாத்தா காலத்துப் பெட்டி, அப்போது சட்டமே கிடையாது” என்று ஒரு வாதம் வரும். அது செல்லாது. வீட்டில் இருக்கும் பழைய வனவிலங்குப் பொருட்களை அறிவிக்க 2003-இல் விதி வந்தது, 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது அறிவித்து உரிமைச் சான்று வாங்கிய குடும்பம் என்றால் தாளைக் காட்டட்டும். தாள் இல்லாத பழைய இறகுப் பெட்டி கைக்கு வந்தால், விலை பேசும் முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. விற்பவரும் மறுக்க மாட்டார். மறுத்தால் அதுவே பதில்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. எடுத்தது புல்லாங்குழல் படிக்க வந்த ஓர் இளைஞர், நோக்கம் சால்மன் ஃப்ளை. பல தோல்களின் அடையாளச் சீட்டுகளைப் பிய்த்துவிட்டு இறகுகளைப் பிரித்து விற்றிருந்தார். எங்கிருந்து வந்தது என்று எழுதாத இறகை உலகத்தில் எங்கேயும் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

மயிலுக்கு மட்டும் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. தானாக உதிர்ந்த தோகை இறகை நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வள்ளிமலை, ரத்தினகிரி மாதிரி முருகன் கோவில் வாசல்களில், முக்கியமாக ஆடிக் கிருத்திகை சமயத்தில், கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். வாங்கும்போது அடித்தண்டைத் திருப்பிப் பாருங்கள். உதிர்ந்த இறகின் அடி காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் கறுத்த ரத்தக் கறையோ சதைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். அடியை வெட்டி எடுத்துவிட்டு விற்றாலும் வாங்க வேண்டாம். வெட்டியதற்கு ஒரு காரணம் இருக்கும்.

எங்கே தேடுவது

உண்மையைச் சொன்னால், வேலூர் காயலான் கடையில் ஃப்ளை வைஸ் கிடைப்பது அபூர்வம். ஆனால் கிடைத்தால் யாரும் அதை ஃப்ளை வைஸ் என்று சொல்லி விற்க மாட்டார்கள். வாட்ச் ரிப்பேர் சாமான், பத்தர் சாமான், பல் டாக்டர் சாமான் என்ற குவியல்களில்தான் கிடக்கும். லாங் பஜார் பக்கம் பழைய இரும்பு, பித்தளை பார்ப்பவர்களிடம் வைஸின் படம் ஒன்றைக் காட்டி வையுங்கள்.

“இன்னா சார் இது, வாட்ச் பிடிக்கிறதா?”

“இல்லண்ணே, மீன் புடிக்கிற முள்ளுல இறகு கட்டுறது.”

சிரிப்பார். ஆனால் மறக்க மாட்டார். என்ன பொருள் என்று மறைத்து மலிவாக அடிப்பதைவிட, உண்மையைச் சொல்லிவிட்டால் அடுத்த தடவை அவரே எடுத்து வைத்துக் கூப்பிடுவார். இந்தப் பொருளுக்கு ஊரில் வேறு ஆள் போட்டி கிடையாது.

பெரிய வாய்ப்பு ரயில் பாதையில் இருக்கிறது. காட்பாடியில் ஏறினால் ஒரு பக்கம் அரக்கோணம், இன்னொரு பக்கம் ஜோலார்பேட்டை. இரண்டும் ரயில்வே காலனி ஊர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த இடங்கள். ஜோலார்பேட்டையைத் தாண்டிப் பங்காரப்பேட்டையில் மாறினால் கோலார் தங்கவயல். 2001-இல் சுரங்கம் மூடியபின் அங்கிருந்து வீட்டுச் சாமான்கள் எல்லாத் திசைக்கும் போயின. தூண்டில், ரீல், முள் டப்பா வைத்திருந்தவர்கள் இந்தக் குடும்பங்களில் நிறைய. வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். “தூண்டில் சாமான் ஏதாவது” என்று கேட்டால் போதும், “ஃப்ளை” என்று சொன்னால் அவர்களுக்கே பல சமயம் நினைவுக்கு வராது.

சென்னைப் பக்கம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பொருளும் போய்விடும் பொறுமையும் போய்விடும். நீலகிரியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ட்ரவுட் விட்டுவிட்டார்கள், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. அதனால் ஊட்டி, குன்னூர்ப் பழைய பொருள் கடைகள் இந்த விஷயத்தில் நம் ஊரைவிடப் பணக்காரர்கள். கடைக்காரருக்கும் அது தெரியும், விலை அதற்கேற்ப இருக்கும்.

மற்றதெல்லாம் வெளிநாட்டு இணைய ஏலங்கள்தான். அங்கே கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும்.

கையில் எடுத்தால் எப்படிச் சோதிப்பது

வைஸில் தொடங்கலாம். பழைய வைஸ்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து எல்ஜின் ஊரில் டி. எச். தாம்சன் கம்பெனி செய்த மாடல் ஏ. மேசை விளிம்பில் மாட்ட ஒரு சி-வடிவப் பிடி, அதன் மேல் ஒரு தண்டு, தண்டின் தலையில் சாய்ந்த குழாய். குழாயின் முன்வாயில் இரண்டு தாடைகள், பின்னால் ஒரு நெம்புகோல். நெம்புகோலை அழுத்தினால் தாடைகள் குழாய்க்குள் பின்வாங்கும், குழாயின் வாய் அவற்றை நெருக்கும், முள் அகப்படும். இவ்வளவு எளிமையான அமைப்பு என்பதால் உலகம் முழுக்க இதைப் பார்த்துச் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களில் இந்தியப் பட்டறைகளும் உண்டு. இந்தியாவில் செய்த வைஸ்கள் பெட்டி பெட்டியாக மேல்நாட்டுக்குப் போய்த் தொடக்க நிலை செட்டுகளில் சேர்ந்தன. அங்கே அவற்றை மட்டமான நகல் என்பார்கள். இரும்பு மென்மையாக இருக்கும், அது உண்மைதான். இருந்தாலும் நம்மூர்ச் சேகரிப்பில் அவற்றுக்கு ஒரு தட்டு ஒதுக்குவதில் தப்பில்லை என்பது என் கட்சி. யாரும் கவனிக்காத நேரத்தில் வாங்கி வைத்தால் மலிவு.

சோதனைக்குச் சட்டைப்பையில் இரண்டு முட்கள் வைத்திருங்கள்: 12 அளவில் ஒன்று, 4 அளவில் ஒன்று. கூர்முனையில் கார்க் குத்திக்கொள்ளுங்கள். முதலில் வைஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தாடைகளை மூடி, நுனியைப் பாருங்கள். இரண்டு தாடைகளும் நுனியிலிருந்து சேர வேண்டும். நடுவில் சேர்ந்து நுனியில் வெளிச்சம் தெரிந்தால் சின்ன முள் நிற்காது. தாடையின் அடிப்பிளவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பெரிய முள்ளை வைத்து யாராவது பலமாக அழுத்தியிருந்தால் அங்கேதான் விடும். பிறகு 12-ஐ மாட்டி, கண் பக்கத்தை விரலால் கீழே அழுத்துங்கள். முள் வில் மாதிரி வளைந்து திரும்பி வர வேண்டும். தாடைக்குள் அது சுழன்றால் பிடிப்பு இல்லை. நெம்புகோல் கடைசிவரை போயும் இறுகாவிட்டால், உள்ளே தேய்மானம். இதை நல்ல லேத் ஆள் ஒருவர் சரி செய்வார். தாடை நுனி உடைந்ததை யாராலும் சரி செய்ய முடியாது.

கடைசியாக சி-பிடியைத் திறந்து, உங்கள் மேசைப் பலகையின் தடிமனுக்கு வருமா என்று பாருங்கள். நம் வீட்டுத் தேக்கு மேசைகளுக்குச் சில பழைய பிடிகள் போதாது.

நூல் பிடிக்கும் பாபினில் பார்க்க வேண்டியது ஒன்றுதான், குழாயின் வாய். உள்ளே பிசிறு இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் நூலைத் திட்டுவீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழாயின் வாயில் விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ராங்க் மாடரெல்லி கையால் வளைத்த துருப்பிடிக்காத கம்பிப் பாபின்களுக்கும் விப் ஃபினிஷர்களுக்கும் தனி ரசிகர் கூட்டமே உண்டு. விப் ஃபினிஷர் என்பது கடைசி முடிச்சைப் போடும் கொக்கிக் கம்பி. அதில் பார்க்க வேண்டியது கைப்பிடிக்குள் தண்டு தடையில்லாமல் சுழல்கிறதா என்பது. சிக்கினால் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். வாங்கும்போது வளைவைக் ‘சரி செய்ய’ முயலாதீர்கள். அந்தக் கோணம்தான் கருவியே.

இறகு பிடிக்கும் ஹேக்கிள் ப்ளையர் சின்ன வில் மாதிரி ஒன்று, அழுத்தினால் திறக்கும், விட்டால் கடிக்கும். சோதிக்க ஒரு பேப்பர் துண்டு போதும்: கடிக்க விட்டு இழுங்கள், வழுக்கினால் வில் சோர்ந்துவிட்டது, கிழித்தால் தாடை விளிம்பு கூராக இருக்கிறது. கூர் விளிம்பு இறகின் தண்டை நறுக்கிவிடும். இதற்குச் சைக்கிள் கடையில் வால்வ் டியூப் கொஞ்சம் வாங்கி ஒரு தாடையின் மேல் மாட்டினால் போதும். கருவியில் ஒரு கீறல் விழாது, வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

கத்தரிக்கோலைப் பழையதாக வாங்குவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. சாணை பிடித்துப் பிடித்து நுனி போயிருக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் சர்ஜிகல் சாமான் கடைக்கா பஞ்சம்? கண் ஆபரேஷனுக்கான சின்னக் கத்தரிக்கோலைப் புதிதாக வாங்கிவிடுங்கள். கூடவே கொசு மாதிரி மெல்லிய மூக்குள்ள ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்று. பழைய மருத்துவக் கருவிகளைக் குவியலிலிருந்து எடுக்காதீர்கள், எந்த உடம்பில் பட்டது என்று தெரியாது.

நூலும் சரிகையும்: இங்கே நம் கைதான் மேல்

பழைய ஃப்ளைகளின் உடம்பு பட்டு. பியர்சால் கம்பெனியின் ‘காஸமர்’ என்ற மெல்லிய பட்டு நூலை மரச்சுருளில் பார்த்தால் வாங்கலாம். சுருளின் மேல்பகுதி வெளிச்சம் பட்டு இற்றுப்போயிருக்கும், உள்சுற்று நன்றாக இருக்கலாம். ஒரு முழம் இழுத்து மெதுவாக அறுத்துப் பாருங்கள். கொஞ்சமும் நீளாமல் பொட்டென்று போனால் அந்தச் சுற்றுகளை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். உள்வரை அப்படியே என்றால் அது காட்சிக்குத்தான்.

ஆனால் கட்டுவதற்கான பட்டு வேண்டுமென்றால் ஆரணிக்குப் பஸ் ஏறுங்கள். நெசவாளர் வீடுகளில் சேலையை அறுத்தபின் தறியில் மிஞ்சும் துண்டு நூல்கள் இருக்கும். பாவு நூலில் முறுக்கு அதிகம், ஊடை நூலில் குறைவு. முள்ளின் மேல் சுற்றும்போது முறுக்கு குறைந்ததுதான் தட்டையாகப் படியும், அதனால் ஊடையைக் கேட்டு வாங்குங்கள். அசல் பட்டா என்று தெரிய ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாகினால் பட்டு. உருகி மணியாக உறைந்தால் பாலியஸ்டர்.

சரிகை இன்னும் சுவாரசியம். பழைய சால்மன் ஃப்ளைகளில் உடம்பைச் சுற்றி வரும் வெள்ளிக் கோடும் தங்கக் கோடும், அவர்கள் டின்ஸல் என்று மரச்சுருளில் விற்றதும், நம் பட்டுச்சேலைச் சரிகைக்குச் சித்தப்பா பிள்ளைதான். அசல் சரிகையில் நடுவே பட்டு இழை, அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, மேலே தங்க முலாம். கிழிந்துபோன பாட்டி சேலையின் பார்டரிலிருந்து ஒரு இழையை உருவி, நகத்தால் நுனியைச் சுரண்டுங்கள். கம்பி சுருள் சுருளாகக் கழன்று வந்து உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல சரிகை. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வழவழவென்று செயற்கை இழை தெரிந்தால் போலி. போலியில் கம்பி செம்பாக இருக்கும், சீக்கிரம் கறுக்கும். இழையின் இரண்டு முனையிலும் கம்பி கழலாமல் இருக்க, கட்டும்போது கடைசி அரை அங்குலத்தில் கம்பியை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் பட்டு இழையை மட்டும் நூலுக்கு அடியில் கொடுங்கள். தலையும் தடிக்காது. தட்டைக் கம்பி தனியாக வேண்டுமென்றால் ஆரி வேலை சாமான் விற்கும் கடைகளில் கேட்கலாம்.

பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர்கள் வெள்ளிக்காக அதை உருக்கிவிடுவார்கள். அவர்களிடம் பார்டரை மட்டும் துண்டாகக் கேட்டால், எடைக்கு விலை சொல்வார்கள். நல்ல சேலையைக் கிழிக்காதீர்கள். அது வேறு ஒரு சேகரிப்பாளருடையது, பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

சேவல் இறகுக்கும் வெளியே போக வேண்டாம். இன்று மேல்நாட்டில் ஃப்ளைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த சேவல்களின் கழுத்துகள் விற்கின்றன. அவை வருவதற்கு முன் கடைகளில் தொங்கியவை இந்திய, சீன நாட்டுச் சேவல்களின் கழுத்துகள்தான். பிராய்லரில் ஒன்றும் தேறாது, இறகு முற்றும் முன்பே அறுத்துவிடுகிறார்கள். வருடம் தாண்டிய நாட்டுச் சேவல் வேண்டும். கே.வி.குப்பம் சந்தைப் பக்கம் செவலை, கருப்பு, சாம்பல், புள்ளி என்று நிறம் பார்த்துச் சொல்லி வைக்கலாம். வெந்நீரில் முக்குவதற்கு முன் கழுத்து இறகைக் கையால் உருவித் தரச் சொல்லுங்கள். வெந்நீர் பட்டால் பளபளப்பு போய்விடும். ஷாம்பு போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. வான்கோழி, கினிக்கோழி, பண்ணை வாத்து இறகுகளும் இதே வழியில் வரும்.

சுத்தம், பாதுகாப்பு, வேலூர் வெயில்

துருவுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். உப்புக் காகிதம் வேண்டாம். நிக்கல் பூச்சுள்ள பித்தளையைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் பூச்சும் போகும், மதிப்பும் போகும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும், மெஷின் எண்ணெய்தான் சரி.

இறகுக்கு எதிரி அந்துப்பூச்சியும் தோல்வண்டும். டப்பாவின் அடியில் மாவு மாதிரி தூள், சின்னச் சின்ன உரித்த தோல், நடுவில் கத்தரித்தது போன்ற இறகு இழை இவை தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். புதிதாக எந்த இறகு வந்தாலும் காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம், வெளியே ஓரிரு நாள், மறுபடி ஒரு வாரம். அப்புறம்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வீட்டில் ஃப்ரீசரைத் திறந்து கத்துவார்கள் என்றால் கவரின் மேல் பெயர் எழுதிவிடுங்கள். பாச்சா உருண்டையைத் துணியில் முடிந்து வையுங்கள், பிளாஸ்டிக்கைத் தொட விடாதீர்கள். வேப்பிலை மட்டும் போதாது.

பழைய தோலோடு கூடிய இறகு ஏதாவது சட்டப்படி உங்கள் கைக்கு வந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் பறவைத் தோலைப் பதப்படுத்த ஆர்சனிக் தடவினார்கள், அது இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் மாடித் தளத்துக்கு அடியில் இருக்கும் பரண் அடுப்பு மாதிரி. மெழுகு ஓடும், வார்னிஷ் இறுகும், பழைய பசை தூளாகும். கீழ்த்தளத்தில், உள்சுவர் ஓரமாக உள்ள இரும்பு பீரோவில் வையுங்கள்.

குறிப்பேடும் பார்சலும்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: எங்கே, யாரிடம், எப்போது, என்ன விலை, என்ன பழுது பார்த்தோம். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ. இறகென்றால் எந்தப் பறவை, எந்தக் கோழிக்கடை என்பதுவரை எழுதுங்கள், மயிலிறகுக்குக் கோவில் கடைக்காரர் துண்டுச் சீட்டு கொடுத்தாலும் அதை ஒட்டி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கருவி வரும்போது சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்து சில சமயம் பொருளின் விலையைத் தொட்டுவிடும், அதையும் கணக்கில் வைத்தே ஏலம் கேளுங்கள். மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள், பார்சல் மாட்டிக்கொண்டால் அலைவது நீங்கள்தான். இன்னொன்று: ஃப்ளை கட்டுகிற மேல்நாட்டுக்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். புதியவர் என்று தெரிந்தால் வைஸோடு கூட ஒரு கவர் இறகையும் ‘அன்பளிப்பாக’ப் போட்டு அனுப்புவார்கள். பணம் கட்டும் முன்பே எழுதிவிடுங்கள்: பெட்டிக்குள் இறகு, முடி, தோல், கட்டிய ஃப்ளை எதுவும் இருக்கக் கூடாது, உலோகமும் நூலும் மட்டும் போதும்.